காட்டு நரிகள் பிழைத்துக்கொள்ளுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: உலகச் சிவப்புப் பட்டியலில் நரிக்கு நேராகக் ‘குறைந்த கவலை’ என்று போட்டிருக்கிறது. அப்புறம் ஏன் சில நாடுகள் பத்து இருபது நரிகளைக் காப்பாற்றப் படாதபாடு படுகின்றன, வேறு சில இடங்களில் ஏன் விஷம் வைத்துக் கொல்கிறார்கள், கடைசியில் காட்டு நரி பிழைக்குமா பிழைக்காதா? இதை இரண்டாகப் பிரித்தால்தான் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியும். நரி என்ற விலங்கே பூமியிலிருந்து மறைந்துவிடுமா என்பது ஒன்று. இந்தத் தீவில், இந்த மலையில், இந்தப் புல்வெளியில் இருக்கிற நரிகள் இன்னும் ஐம்பது வருஷம் கழித்தும் இங்கே இருக்குமா என்பது வேறொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம், நல்ல செய்தியும்கூட. இரண்டாவதில்தான் என் வேலைக்காலம் பெரும்பாலும் கழிந்திருக்கிறது. ஊனுண்ணிகளைக் கணக்கெடுப்பதும், செத்துக் கிடப்பதைக் கண்டால் எதனால் செத்தது என்று தேடுவதும் என் தொழில். அந்தப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எந்த நரி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வல்பெஸ் பேரினத்தில் 12 இனங்கள் உண்டு: செந்நரி, பனிநரி, குள்ளநரி (இந்திய நரி), திபெத்திய நரி, பாலைவனத்து ஃபென்னெக், வட அமெரிக்காவின் ஸ்விஃப்ட் நரி, கிட் நரி என்று பட்டியல் போகும். சாம்பல் நரியும் தீவு நரியும் யூரோசையன் என்ற தனிப் பேரினம். தென் அமெரிக்காவில் நரி என்று அழைக்கப்படுபவை பரம்பரைப்படி ஓநாய்ப் பக்கம் நெருக்கமானவை. ஆனால் உருவமும் பிழைப்பும் நரியுடையதுதான் என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொள்கிறேன். கூட்டமாக ஊளையிடும் ஜாக்கலை இந்தப் பதிலில் விட்டுவிடுகிறேன், அதன் நிலைமை வேறு.

சிவப்புப் பட்டியலைத் தயாரிப்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், அதாவது ஐயூசிஎன். வல்பெஸ் நரிகள் பன்னிரண்டுமே அதில் ‘குறைந்த கவலை’யில்தான் இருக்கின்றன. பட்டியல் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஓர் இனம் 10 ஆண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இதில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள், 30 சதவீதம் குறைந்தால் ‘அழிவாய்ப்பு’, 50 சதவீதம் குறைந்தால் ‘அருகியது’, 80 சதவீதம் என்றால் ‘மிக அருகியது’. குட்டி போடும் வயதில் உள்ளவை மொத்தமே 250-க்குக் கீழே என்றால் அருகியது, 50-க்குக் கீழே என்றால் மிக அருகியது. வாழும் பரப்புக்கும் இப்படி வரம்புகள் உண்டு. எல்லாமே முழு இனத்துக்கு, முழு உலகத்துக்குப் போடும் கணக்கு. ஒரு நாட்டில் கடைசி நரி செத்தாலும் உலகக் கணக்கு அசையாமல் இருக்கலாம். மெதுவாகக் குறைந்துகொண்டே வரும் இனமும், குறையும் வேகம் அந்த வரம்பைத் தொடாதவரை, ‘குறைந்த கவலை’யிலேயே உட்கார்ந்திருக்கும். குள்ளநரி அப்படித்தான். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத விலங்கு. வறண்ட புல்வெளியும் முள் புதரும் அதன் இடம். அந்த நிலமெல்லாம் தரிசு என்று பெயர் வாங்கி உழவுக்கும் கட்டடத்துக்கும் போய்க்கொண்டிருக்கிறது. குள்ளநரியின் எண்ணிக்கை இறங்குமுகம் என்று அதே பட்டியலே சொல்கிறது. பெரும்பாலோர் தலைப்பு வார்த்தையைப் படிப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள், கீழே எழுதியிருக்கும் இந்த வரியைப் படிப்பதில்லை.

செந்நரியைப் பற்றிக் கவலைப்பட உலக அளவில் ஒன்றும் இல்லை. காட்டு ஊனுண்ணிகளில் இதைவிடப் பரந்த பரப்பில் வாழும் இனம் கிடையாது. வட அரைக்கோளத்தில் பனிவெளி விளிம்பிலிருந்து பெருநகர நடுவரை இருக்கிறது. எலி, முயல், மண்புழு, பழம், பறவை முட்டை, குப்பை எல்லாம் தின்னும். பெண் நரி வருஷத்தில் ஒரே முறை, அதுவும் சில நாட்கள்தான் சினைக்கு வரும். ஏறக்குறைய 52 நாட்களில் நான்கைந்து குட்டிகள். காட்டில் பெரும்பாலானவை இரண்டு மூன்று வயதைத் தாண்டுவதில்லை, ஆனால் காலியாகும் இடத்தை அக்கம்பக்கத்து இளசுகள் உடனே வந்து பிடித்துவிடும். நரியைச் சுட்டுக் கட்டுப்படுத்துகிறோம் என்பவர்களிடம் நான் எப்போதும் சொல்வது 2001-ல் பிரிட்டனில் நடந்ததை. கோமாரி நோய் பரவியதால் ஏறத்தாழ ஓராண்டு நரி வேட்டை முழுக்க நிறுத்தப்பட்டது. தடைக்கு முன்னும் பின்னும் விட்டைகளை எண்ணிப் பார்த்ததில் நரிகள் கூடியிருக்கவில்லை. வேட்டையால் போன நரிகளின் எண்ணிக்கை, வேறு வகையில் எப்படியும் சாகப்போகும் எண்ணிக்கைக்குள்ளேயே அடங்கியிருந்தது என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இந்த மீளும் சக்திக்கும் எல்லை உண்டு. நோய் வந்தால் அது தெரியும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நரிகள் நெருக்கமாக வாழ்ந்துவந்தன. 1994-ல் சொறி நோய் உள்ளே நுழைந்து, சில ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேல் கொன்றுவிட்டது. சொறியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. வாலின் அடியிலும் பின்னங்கால்களிலும் முதலில் முடி கொட்டும். பிறகு தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்காக வெடிக்கும். கண் இமைகள் சீழில் ஒட்டிக்கொள்ளும். உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாமல், இரவில் திரிய வேண்டிய விலங்கு பட்டப்பகலில் வெயில் தேடி வந்து சுருண்டு கிடக்கும், ஆள் நெருங்கினாலும் எழுந்து ஓடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணி தோலுக்குள் சுரங்கம் தோண்டுவதால் வருவது இவ்வளவும். 1970-களிலும் 80-களிலும் ஸ்வீடனில் இதே நோய் நரிகளை வாரிக்கொண்டு போனபோது முயல்களும் காட்டுக் கோழி வகைகளும் பெருகின. நரி ஒரு நிலத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அது இல்லாமல் போனபோதுதான் அளக்க முடிந்தது. நோய் தணிந்ததும் இரண்டு இடங்களிலும் செந்நரி திரும்ப வந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் வேறு நரிகள் இருந்தன, வர வழியும் இருந்தது. அப்படி வர வழியில்லாத கூட்டத்துக்கு இதே அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் நரிப் பாதுகாப்பில் உண்மையான கேள்வி.

கலிபோர்னியா கரைக்கு அப்பாலுள்ள சேனல் தீவுகளில் ஆறில் தீவு நரி வாழ்கிறது, ஒவ்வொரு தீவிலும் ஒரு துணையினம். வீட்டுப் பூனை அளவுதான் இருக்கும். 1990-களில் வடபகுதித் தீவுகளில் அது திடீரென மறைய ஆரம்பித்தது. சான் மிகேல் தீவில் சில நூறு இருந்தவை 15-ஆகக் குறைந்தன. சாண்டா ரோசாவிலும் அதே 15. சாண்டா குரூஸில் நூறுக்கும் கீழே. ஆரம்பத்தில் நோய் என்றுதான் பலரும் நினைத்தார்கள். ரேடியோ காலர் போட்ட நரிகள் செத்த இடத்துக்குப் போய்ப் பார்த்தபோது காரணம் வேறாக இருந்தது: பொன்கழுகு. அந்தத் தீவுகளில் பொன்கழுகு முன்பு கூடுகட்டி வாழ்ந்ததில்லை. எப்படி வந்தது? பல பத்தாண்டுகளுக்கு முன்பு டிடிடி பூச்சிக்கொல்லி கடலில் கலந்து, மீன் தின்னும் வெண்டலைக் கழுகுகளின் முட்டை ஓடுகளை மெலிய வைத்தது. அவை தீவுகளை விட்டே அற்றுப்போயின. தன் எல்லைக்குள் வேறு கழுகை விடாத பறவை அது. அது போனதால் இடம் காலி. பண்ணையிலிருந்து தப்பிக் காட்டில் பெருகியிருந்த பன்றிகளின் குட்டிகள் வருஷம் முழுக்கத் தீனி. பொன்கழுகு குடியேறிவிட்டது. மேலே இருந்து அடிக்கும் பகைவனை அறியாமல் பகலில் திறந்தவெளியில் திரிந்து பழகிய நரி, அதற்குச் சுலப இரையாகிவிட்டது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பாதுகாப்பு வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. நரி வேட்டைக்குத் தடை போட்டு ஒரு பலனும் கிடைத்திருக்காது, யாரும் அங்கே அதை வேட்டையாடவில்லை. மிச்சமிருந்த நரிகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள். பொன்கழுகுகளை உயிரோடு பிடித்துப் பெருநிலத்தில் கொண்டுபோய் விட்டார்கள். சாண்டா குரூஸில் பன்றிகளை முழுக்க ஒழித்தார்கள். 2002 முதல் வெண்டலைக் கழுகுகளைத் திரும்பக் குடியேற்றினார்கள். சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தேடிப்போய்ச் சரிசெய்த வேலை அது. 2004-ல் அமெரிக்கச் சட்டப்படி அருகிய பட்டியலில் சேர்க்கப்பட்ட துணையினங்களில் மூன்று, 2016-ல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. அந்தச் சட்டத்தின் வரலாற்றில் எந்தப் பாலூட்டியும் இவ்வளவு வேகமாக மீண்டதில்லை. நான்காவது, சாண்டா கேட்டலீனா தீவு நரி. அங்கே கழுகு பிரச்சினை இல்லை. 1999-ல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் நுழைந்து ஆயிரத்துக்கு மேல் இருந்ததை ஏறத்தாழ நூறாக்கியது. தீவின் நடுவே குறுகிய நிலப்பகுதி ஒன்று இருந்ததால் மேற்குக் கோடியில் இருந்தவை தப்பின. படகில் ஏறி வந்த ரக்கூன் ஒன்று நோயைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது சந்தேகம், நிரூபணமான விஷயம் இல்லை. நரிகள் பெருகிவிட்டாலும் இன்னொரு படகும் இன்னொரு விலங்கும் வர வழி இருப்பதால், இந்த ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுக்காமல் ஒரு படி மட்டும் இறக்கினார்கள். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வேட்டைத் தடை மட்டும் போதாது என்பதற்குப் பனிநரி இன்னும் பழைய சாட்சி. உலக அளவில் இதுவும் ‘குறைந்த கவலை’தான், வடதுருவத்தைச் சுற்றி ஏராளமாக இருக்கிறது. ஸ்காண்டிநேவிய மலைகளிலோ ரோமத்துக்காகக் கொன்று தீர்த்த பிறகு, ஸ்வீடன் 1928-லும் நார்வே 1930-லும் பின்லாந்து 1940-லும் தடை போட்டன. அப்புறம் அறுபது எழுபது வருஷம் பனிநரி மீளவே இல்லை. 2000-ம் ஆண்டு வாக்கில் மூன்று நாடுகளையும் சேர்த்தாலும் வளர்ந்த நரிகள் இருநூறைத் தொடவில்லை. லெம்மிங் என்ற எலி மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை பெருகும்போதுதான் பனிநரி நிறையக் குட்டி போடும். அந்தப் பெருக்கம் தவறிய வருஷங்கள் தொடர்ந்து வந்தன. பனிநரியைவிட உருவில் ஏறக்குறைய இரண்டு மடங்கான செந்நரி மலையேறி வந்து வளைகளைப் பிடித்துக்கொண்டது, குட்டிகளையும் கொன்றது. சிதறிக் கிடந்த நரிகளுக்கு ஜோடி கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. நார்வே 2005-ல் தொடங்கிய வளர்ப்புத் திட்டமும், பனிநரி நுழையலாம் செந்நரி நுழைய முடியாது என்ற அளவில் குறுகிய வாசல் வைத்த தீனிப் பெட்டிகளும், செந்நரியைக் கட்டுப்படுத்தியதும் சேர்ந்துதான் எண்ணிக்கையைச் சில நூறுகளுக்குக் கொண்டுவந்தன. 1996-க்குப் பிறகு பின்லாந்தில் பனிநரி குட்டி போட்டது 2022-ல்தான். வருஷா வருஷம் ஆட்கள் தீனி நிரப்பும் ஒரு கூட்டத்தை மீண்டது என்று சொல்லலாமா என்று கேட்டால், இன்னும் இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் அந்தத் தீனியை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன்.

முழு இனமாகவே ஆபத்தில் இருப்பது டார்வின் நரி. 1834-ல் சீலோயே தீவை ஒட்டிய சான் பெட்ரோ தீவில் சார்லஸ் டார்வின் பார்த்த இந்த நரி, சிலியின் தென்பகுதி ஈரக்காடுகளில் மட்டும் வாழ்கிறது. சிவப்புப் பட்டியலில் ‘அருகியது’. சீலோயே தவிர, பெருநிலத்தில் நாவல்புட்டா தேசியப் பூங்காவில் ஒரு சிறு கூட்டம், பின்னர் தானியங்கி கேமராக்கள் வழியே இவ்விரண்டுக்கும் நடுவே கரையோர மலைக்காடுகளிலும் சில இடங்கள் தெரியவந்தன. முக்கிய எமன் நாய். கட்டாமல் விட்ட நாய்கள் நேரடியாகவும் கடித்துக் கொல்கின்றன, டிஸ்டெம்பரையும் சுமந்து வருகின்றன. அதே டார்வின் பால்க்லாந்துத் தீவுகளில் நரி போன்ற இன்னொரு விலங்கைப் பார்த்தார். மனிதனைக் கண்டு பயப்படாத இது சீக்கிரம் ஏற்கெனவே அழிந்துபோன டோடோ பறவையின் கணக்கில் சேர்ந்துவிடும் என்று எழுதினார். ஆடு வளர்த்தவர்களின் விஷத்தாலும் துப்பாக்கியாலும் 1876-ல் அது முற்றிலும் அழிந்தது. ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்துவிட்ட விஷயம். செந்நரிக்குள்ளேயும் இப்படி ஓர் ஓரம் இருக்கிறது: சியரா நெவாடா மலையுச்சியில் வாழும் செந்நரிக் கூட்டத்தை 2021-ல் அமெரிக்கா அருகியதாக அறிவித்தபோது அதன் மதிப்பீடு நாற்பதுக்கும் கீழே. உலகெங்கும் செழிக்கிற ஓர் இனத்தின் ஒரு கிளை, எண்ணிவிடக்கூடிய நிலையில்.

விஷம் வைப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் நரி சொந்த விலங்கு கிடையாது. 19-ம் நூற்றாண்டில் வேட்டை விளையாட்டுக்காக ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். நரியை அறியாமல் வளர்ந்த சிறிய, நடுத்தரப் பைம்மாப் பாலூட்டிகள் பல அழிந்ததில் அதற்கும் பூனைக்கும் பெரும் பங்கு. மேற்கு ஆஸ்திரேலியாவில் பயன்படுத்தும் 1080 என்ற விஷம் அங்குள்ள சில செடிகளிலேயே இயற்கையாக இருப்பதால், உள்ளூர் விலங்குகள் பல அதை ஓரளவு தாங்கும், நரி தாங்காது. நரியை நேசிக்கிறவன்தான் நான். ஆனாலும் அங்கே நரியைக் குறைப்பதை ஆதரிக்கிறேன். அங்கே ஆபத்தில் இருக்கும் உயிர்கள் வேறு. அந்த நியாயத்தை எடுத்துக்கொண்டு வந்து, நரி தன் சொந்த மண்ணில் வாழும் இடத்தில் விஷம் வைப்பதைத்தான் ஏற்க முடியாது. அங்கே அது பெரும்பாலும் பலனும் தருவதில்லை. ஐரோப்பாவில் ரேபிஸை ஒழிக்கப் பல பத்தாண்டுகள் நரிகளைச் சுட்டார்கள், வளைகளில் விஷவாயு செலுத்தினார்கள். நோய் பரவிக்கொண்டேதான் இருந்தது. 1978-ல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைகளில் தடுப்பு மருந்தை வைத்து ஒரு பள்ளத்தாக்கு வாயில் போட்டார்கள். நரிகள் தின்றன, நோய் அந்த வழியாகத் தாண்டவில்லை. மேற்கு ஐரோப்பா நரி ரேபிஸிலிருந்து விடுபட்டது இந்த முறை பரவிய பிறகுதான்.

இதுவரை சொன்னதில் உறுதியானது பெரும்பகுதி. உறுதியில்லாத இடங்களும் உண்டு. எத்தனை நரிகள் இருக்கின்றன என்று யாராவது துல்லியமான எண் சொன்னால், பரந்த பரப்பில் வாழும் இனமாக இருந்தால், நம்பாதீர்கள். கேமராவில் விழுந்த படம், விட்டையிலிருந்து எடுத்த மரபணு, வளைகளின் எண்ணிக்கை இவற்றிலிருந்து கணித்துத்தான் சொல்கிறோம். பிழை வரம்பு பெரிது. எலி விஷத்தின் எச்சம் நரிகளின் ஈரலில் பரவலாகக் கிடைக்கிறது என்பது நிச்சயம், அது மொத்த எண்ணிக்கையை எவ்வளவு குறைக்கிறது என்பது இன்னும் தீராத விவாதம். செந்நரி வடக்கே ஏறுவதற்கு வெப்பமாதல் காரணமா, மனிதர் விட்டுச்செல்லும் தீனி காரணமா என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை. ரஷ்யாவின் மெட்னி தீவில் 1970-களில் பனிநரிக் குட்டிகள் மடிந்ததற்கு நாய்களிடமிருந்து வந்த காதுச் சிற்றுண்ணியே காரணம் என்று வெகுகாலம் சொன்னோம். பின்னர் கடற்பறவை, கடல்நாய் இறைச்சி வழியே சேர்ந்த பாதரசமும் அதிகம் என்று தெரிந்தது. மரபணு விஷயத்திலும் பாடப்புத்தகம் சொல்வது அப்படியே நடப்பதில்லை. சேனல் தீவுகளில் ஒன்றான சான் நிக்கோலஸ் தீவு நரிகளின் மரபணுவில் வேறுபாடே கிட்டத்தட்ட இல்லை. அந்த நிலையில் ஒரு கூட்டம் அழிய வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம், ஆனால் அவை நெடுங்காலமாக உயிரோடு இருக்கின்றன. புதிய நோய் ஒன்று வந்தால் தாங்குமா என்பது வேறு விஷயம்.

எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: நரியின் பெயரைக் கேட்டதும் பட்டியலைத் தேடாதீர்கள், மூன்று விஷயங்களைத் தேடுங்கள். அந்தக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து நரிகள் வந்து சேர வழி இருக்கிறதா? இரை வருஷா வருஷம் கிடைக்கிறதா? தடுப்பூசி போடாத நாய்கள் பக்கத்தில் இருக்கின்றனவா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதற்கு இல்லை என்றால் அந்த நரிகள் வேட்டையைக்கூடத் தாங்கிக்கொள்ளும். வழி அடைபட்ட கூட்டம் என்றால், ஐந்நூறு இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

தனியாளாக என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நரி நடமாடும் இடத்தில் நாய் வளர்த்தால் டிஸ்டெம்பர், ரேபிஸ் இரண்டுக்கும் ஊசி போடுங்கள், இரவில் கட்டி வையுங்கள். நரிக்குக் காட்டும் பெரிய அன்பு இதுதான். உணவு வைத்துப் பழக்காதீர்கள். ஒரே இடத்தில் பல நரிகள் கூடினால் சொறி பரவ அதுவே போதும். எலிக்கு வீரியமான விஷம் வைப்பதைத் தவிர்த்துப் பொறி வையுங்கள். சொறி பிடித்த நரியைப் பார்த்தால் மருந்து கலந்த உணவை வெளியே வைக்க வேண்டாம், அதை வேறு விலங்கு தின்றுவிடும், அளவும் தெரியாது. வன விலங்கு மருத்துவம் தெரிந்தவர்களிடம் தகவல் சொல்லுங்கள். நரியைப் பார்த்தால், செத்துக் கிடந்தாலும் சரி, ஒரு படம் எடுத்து இடத்தையும் தேதியையும் குறித்து வனத்துறைக்கோ கணக்கெடுப்பவர்களுக்கோ அனுப்புங்கள். இடமும் தேதியும் இல்லாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்களால் கணக்கில் சேர்க்க முடியாது.